சிரியாமல் சிரிப்பித்த இசைவாணர்

எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்துரைக்கப் புகுந்த தொல்காப்பியர் நகையை முதலிலும் அழுகையை அதற்கு அடுத்தும் வைத்தார். நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளலையும் இளமையையும் பேதைமையையும் மடத்தையும் அவர் காட்டினார். அந்நூலுக்கு உரை கண்ட இளம்பூரணர், செயிற்றியம் என்னும் பழைய நூலிலிருந்து ஒரு சூத்திரத்தை எடுத்துத் தருகிறார். நகை எங்கெங்கே தோன்றும் என்று அடுக்கிச் செல்லும் அந்தச் சூத்திரத்தில், குழந்தையின் மழலை, கல்லாதவன் பேசும் கல்வி முதலியவற்றோடு, ஆரியர் பேசும் தமிழுக்கும் ஓர் இடம் தரப்பட்டிருக்கிறது. அயலான் ஒருவன் நம் மொழியைப் பேசப் புகுந்து தடுமாறினால் நாம் சிரிப்போம். இஃது இன்று நேற்று வந்த வழக்கமன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

தமிழகத்தை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நாம் அந்தச் சிரிப்பின் மறுபக்கத்தையும் நன்கு அறிவோம். தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ வந்திறங்கிய முதல் மாதத்தில் நம்முள் சிரிப்புக்கு ஆளாகாதவர் யார்? உயிரில்லாத மேசைக்கும் நாற்காலிக்கும் இந்தியில் ஆண்பால் பெண்பால் உண்டு என்பதை அறியாமல் பேசி, காய்கறிக் கடைக்காரரின் புன்னகையை வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவர்கள் நாம். அந்தப் புன்னகையில் பகை இல்லை. ஆயினும் சொந்த ஊரில் சொல்வன்மை உடையவர் என்று பெயரெடுத்த ஒருவர், அயலூரில் மழலை பேசும் குழந்தையாகக் குறுகிவிடும் துன்பம் சிறிதன்று.

இந்தத் துன்பத்தையே தொழிலின் முதலாக்கி, தம்மைப் பார்த்துச் சிரித்திருக்கக்கூடிய மக்களை அவர்களுடைய மொழியைப் பார்த்தே சிரிக்குமாறு செய்த ஒருவரின் வரலாற்றை இங்கே காண்போம். அவர் விக்டர் போர்கே. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த பியானோ வாத்தியக் கலைஞர். பெருங்கூட்டம் வயிறு குலுங்கச் சிரிக்கும்போது, 'இவர்களுக்கு என்ன நேர்ந்தது?' என்று வியப்பவர்போல் முகம் மாறாமல் அமர்ந்திருப்பது அவருடைய தனிக்கலை.

அவர் 1909-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள் கோபன்ஹேகன் நகரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் போர்கே ரோசன்பௌம். தந்தை டென்மார்க்கின் அரச இசைக்குழுவில் வயோலா வாசித்தவர். தாயும் பியானோ வாசிக்க வல்லவர். பேச்சுப் பழகும் பருவத்திலேயே பியானோவும் பழகிய அக்குழந்தை, எட்டு வயதில் மேடையேறியது. 1918-இல் டென்மார்க்கின் அரச இசைக் கல்லூரி உதவித்தொகை தந்து அவரைச் சேர்த்துக்கொண்டது. பின்னர், லிஸ்டின் மாணவரான பிரெடரிக் லாமண்ட், பூஸோனியின் மாணவரான ஈகோன் பெட்ரி போன்ற பேராசிரியர்களிடம் அவர் பயின்றார். லிஸ்டும் பூஸோனியும் ஐரோப்பியப் பியானோ மரபின் பெருந்தூண்கள். ஆகவே போர்கே கற்றது வேடிக்கைக்காரனின் அரைகுறை இசையன்று, குருபரம்பரை வழிவந்த முறையான வித்தை என்பதை நாம் மறத்தலாகாது. 1926-இல் கோபன்ஹேகனில் அவருடைய முதற் பெருங் கச்சேரி நிகழ்ந்தது.

முறையான கச்சேரிக் கலைஞராகவே அவர் வாழ்ந்திருக்கலாம். ஆனால் கச்சேரி மேடையில் நிலவும் அளவுகடந்த இறுக்கம் அவருக்கு நகைப்பையே தந்தது போலும். வாசிப்புக்கு இடையே ஓரிரு சொற்கள் பேசத் தொடங்கினார், பேச்சு வளர்ந்தது. 1933 அளவில் பாட்டும் பேச்சும் நடிப்பும் கலந்த 'ரெவ்யூ' என்னும் மேடை நிகழ்ச்சிகளில் இடம்பெற்று, விரைவில் நாடறிந்த நகைச்சுவையாளர் ஆனார். அதே ஆண்டில் எல்சி சில்டன் என்னும் அமெரிக்கப் பெண்மணியை மணந்தார்.

அதே 1933-ஆம் ஆண்டில்தான் அண்டை நாடான ஜெர்மனியில் இட்லர் ஆட்சிக்கு வந்தார். நாஜிகளைக் கேலி செய்யும் துணுக்குகள் போர்கேயின் நிகழ்ச்சிகளில் பெருகின. யூதர் ஒருவர், எல்லைக்கு இந்தப்பக்கம் நின்று, உலகை நடுங்கச் செய்தவனை நாள்தோறும் நகைப்புக்கு ஆளாக்கினார். கொடுங்கோலன் வசையைப் பொறுத்தாலும் பொறுப்பான், நகையைப் பொறுக்கமாட்டான். எதிர்ப்பவன் அவனை வலியவன் என்று ஒப்புக்கொள்கிறான். சிரிப்பவனோ அதையும் ஒப்புக்கொள்வதில்லை.

1940 ஏப்ரல் 9-ஆம் நாள் ஜெர்மானியப் படை டென்மார்க்கினுள் புகுந்தது. அன்று போர்கே சுவீடனில் கச்சேரி செய்துகொண்டிருந்தார். ஊர் திரும்பினால் என்ன நேரும் என்பதில் ஐயமில்லை. சுவீடனிலிருந்து பின்லாந்துக்குச் சென்றார். அந்நாட்டின் வடகோடியில் அப்போது இருந்த பெட்சாமோ துறைமுகத்தில் 'அமெரிக்கன் லீஜன்' என்னும் கப்பலில் ஏறினார். 1940 ஆகஸ்டு 28-ஆம் நாள் அமெரிக்கக் கரையில் இறங்கினார். அப்போது அவர் கையில் இருந்தவை 20 டாலர். அவற்றுள் 3 டாலர் சுங்கத்துக்குப் போயிற்று என்பர்.

இதனிடையே நிகழ்ந்த ஒன்றை அவர் வாழ்க்கை வரலாறு குறிக்கிறது. தாய் மரணப் படுக்கையில் கிடக்கிறார் என்று அறிந்து, பகைவர் வசப்பட்ட டென்மார்க்குக்குள் மாலுமியாக வேடமிட்டுச் சென்று அவரைக் கண்டு மீண்டார் என்பதே அது. நகைக்கு அடுத்த இடத்தைத் தொல்காப்பியர் அழுகைக்குத் தந்த முறை இங்கே நம் நினைவுக்கு வருகிறது.

புதிய நாட்டில் இறங்கியவருக்கு ஆங்கிலம் தெரியாது. பியானோவுக்கு மொழி இல்லை. ஆனால் அவருடைய தொழிலில் பாதி பேச்சு. கோபன்ஹேகனில் அவர் வாய் திறந்தாலே சிரித்த மக்கள் கடலுக்கு அப்பால் இருந்தார்கள். இங்கே கடைக்குச் சென்று ரொட்டி கேட்பதற்கும் சொல் இல்லை. அவர் செய்தது இதுதான்: திரைப்படக் கொட்டகைகளில் அமர்ந்து படங்களைப் பார்த்துப் பார்த்து மொழியைக் கற்றார். பெயரையும் மாற்றிக்கொண்டார். தாயும் தந்தையும் அழைத்த போர்கே என்னும் முன்பெயரையே குடும்பப் பெயராக்கி, அதன்முன் விக்டர் என்னும் சொல்லைச் சேர்த்தார். ஊரையும் மொழியையும் இழந்தவர், வீட்டில் அழைத்த பெயரை மட்டும் விடாமல் உடன் கொண்டுவந்தார்.

1941-இல் ரூடி வாலி என்னும் புகழ்பெற்ற பாடகரின் வானொலி நிகழ்ச்சியில் அவருக்கு இடம் கிடைத்தது. பின்னர்ப் பிங் கிராஸ்பி நடத்திய 'கிராஃப்ட் மியூசிக் ஹால்' நிகழ்ச்சி அவரை அமெரிக்கா முழுவதும் அறியச் செய்தது. 1942-இல் அவ்வாண்டின் சிறந்த புதிய வானொலிக் கலைஞர் என்ற பாராட்டைப் பெற்றார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த மொழியில் ஒரு சொல்லும் அறியாதவர், அந்த மொழியாலேயே நாட்டைச் சிரிக்க வைத்தார் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. 1946-இல் என்.பி.சி. வானொலியில் அவர் பெயராலேயே ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. 1948-இல் அவர் அமெரிக்கக் குடிமகன் ஆனார்.

முகம் மாறாமல் சிரிக்க வைப்பவருக்கு வானொலியில் என்ன வேலை என்று நாம் வினவலாம். அங்கே முகம்தான் தெரியாதே! ஆனால் வானொலியில் குரலே முகம். சிரிப்பை உள்ளே அடக்கிக்கொண்டு பேசும் குரலை ஒலிவாங்கி உடனே காட்டிக் கொடுத்துவிடும். போர்கேயின் குரலோ பள்ளி ஆசிரியர் கணக்குச் சொல்லித் தருவது போன்ற அமைதியான குரல். அந்த அமைதியே கேட்பவரை நிலைகுலையச் செய்தது.

அவருடைய இரண்டு விளையாட்டுகளை இங்கே விளக்குதல் தகும். இரண்டும் மொழியைப் பற்றியவை.

முதலாவது, ஒலிக்கும் நிறுத்தக் குறிகள். நாம் எழுதும்போது கால்புள்ளி, முற்றுப்புள்ளி, வினாக்குறி, உணர்ச்சிக்குறி எனப் பல குறிகளை இடுகிறோம்; படிக்கும்போது அவற்றை ஒலிப்பதில்லை. இது நீதியன்று என்று கருதியவர்போல், ஒவ்வொரு குறிக்கும் ஒவ்வோர் ஒலியைப் போர்கே அமைத்தார். ஒன்றுக்கு ஒரு சீழ்க்கை, ஒன்றுக்கு நாவின் ஒரு சுண்டல், ஒன்றுக்கு உதட்டில் ஒரு வெடிப்பு. பின்பு ஒரு காதல் கதையை எடுத்துக்கொண்டு, சொற்களுக்கு இடையே இந்த ஒலிகளையும் விடாமல் உரக்கப் படித்தார். காதலன் உருகிப் பேசும் இடத்தில் மேற்கோள் குறிகளும் உணர்ச்சிக் குறிகளும் பட்டாசுபோல் வெடித்தன. படிப்பவரோ இலக்கண விதியை ஒழுங்காகப் பின்பற்றும் மாணவன்போல் காட்சியளித்தார்.

இரண்டாவது, மொழியின் விலையேற்றம். பொருள்களின் விலை ஏறும்போது சொற்களுக்குள் ஒளிந்திருக்கும் எண்கள் மட்டும் ஏன் பழைய விலையிலேயே இருக்க வேண்டும் என்று அவர் வினவினார். ஆங்கிலச் சொற்களுக்குள் ஒன்று, இரண்டு, எட்டு என்று ஒலிக்கும் பகுதிகளைக் கண்டுபிடித்து ஒவ்வொன்றையும் ஓர் எண் உயர்த்தினார். இதைத் தமிழில் விளக்கினால் எளிதில் விளங்கும். அவர் தமிழராய் இருந்திருந்தால், 'ஆறுதல்' என்னும் சொல்லை 'ஏழுதல்' என்பார். 'எட்டாக்கனி'யை 'ஒன்பதாக்கனி' ஆக்குவார். 'பத்திரமாகப் போய் வா' என்று வாழ்த்துவோரைப் 'பதினொன்றிரமாகப் போய் வா' என்று வாழ்த்தச் சொல்வார். இதை ஒரு முறை கேட்டால் வேடிக்கை. ஒரு கதை முழுவதையும் இம்முறையில், பொருளாதாரச் சீர்திருத்தத்தை முன்மொழிபவரின் கவலை தோய்ந்த முகத்துடன் ஒருவர் படித்தால் அரங்கம் தாங்குமா?

இவ்விரண்டு விளையாட்டுகளும் தாய்மொழியாளர் ஒருவருக்குத் தோன்றுதல் அரிது என்பது நம் கருத்து. தன் மொழியின் உள்ளே பிறந்தவன் சொல்லின் பொருளைக் காண்கிறான். அதன் ஒலியைக் காண்பதில்லை. வெளியிலிருந்து வந்தவனுக்கே ஒலி முதலில் தட்டுப்படுகிறது. நமக்கு 'ஆறுதல்' என்றால் துயர் தணிதல். தமிழைப் புதிதாகப் பயிலும் ஒருவருக்கோ அதற்குள் ஓர் எண் கேட்கும். கொட்டகை இருளில் அமர்ந்து, பொருள் விளங்காத ஒலிகளை உற்றுக் கேட்ட நாள்களின் பயனே இந்த நகைச்சுவை எனலாம். அயலானின் குறையை அவர் அயலானின் கூரிய செவியாக மாற்றினார். பேதைமையும் மடமும் நகைக்கு நிலைக்களன்கள் என்றார் தொல்காப்பியர். போர்கே பேதையாக நடித்தார். ஆயினும் சிரிப்பு அவர்மேல் விழாமல் ஆங்கிலத்தின்மேல் விழுந்தது.

இசை விளையாட்டுகளும் இதே வகையின. பியானோவின் முன் அமர்ந்து ஏதோ ஒரு விந்தையான பாட்டை வாசிப்பார். அது செவிக்கு இசையாது. இசைத்தாளை உற்றுப் பார்ப்பார். தலைகீழாக வைத்திருப்பது தெரியும். நேராகத் திருப்பியவுடன் ரொசினியின் 'வில்லியம் டெல்' முன்னிசை பொங்கி எழும். உயர்ந்த குரலில் பாடும் பெண்மணி ஒருவர் உச்ச ஸ்தாயியைத் தொட்டதும், அந்த ஒலியின் வேகத்தால் தாக்குண்டவர்போல் இருக்கையிலிருந்து கீழே விழுவார். எழுந்து, இருக்கையிலிருந்து ஒரு பட்டையை எடுத்து, விமானப் பயணி செய்வதுபோல் இடுப்பில் கட்டிக்கொண்டு வாசிப்பைத் தொடர்வார். பீத்தோவனின் 'நிலவொளி' சோனாட்டாவில் தொடங்கிய விரல்கள், கேட்பவர் அறியாமலே மெல்லிசைப் பாட்டு ஒன்றினுள் புகுந்திருக்கும். மற்றொரு பியானோ வித்வானோடு ஒரே வாத்தியத்தில் அமர்ந்து லிஸ்டின் இரண்டாம் ஹங்கேரிய ராப்சடியை நான்கு கைகளால் வாசிக்கும்போது, இருவரும் ஒருவரையொருவர் முந்தியும் தள்ளியும் இடம் மாறியும் அலைவார்கள். ஆனால் தாளம் ஒரு மாத்திரையும் பிசகாது.

பிழையாக வாசிப்பது எளிது. சிரிப்பு வருமாறு பிழையாக வாசிப்பது அரிது. எந்த இடத்தில் எந்த ஸ்வரம் விலகினால் கேட்பவருக்குச் சுருக்கென்று தைக்கும் என்பதை அறிந்தவனே அதைச் செய்ய முடியும். சுருதியை முற்றும் கைவசப்படுத்தியவனுக்கே சுருதியைக் கேலி செய்யும் உரிமை உண்டு. அவர் உண்மையில் கேலி செய்தது இசையையும் அன்று. இசையைச் சுற்றி நாம் எழுப்பியிருக்கும் சடங்குகளையே. நீண்ட வால் கோட்டு, இருக்கையின் உயரத்தைச் சரிசெய்யும் நாடகம், இருமவும் அஞ்சி அமர்ந்திருக்கும் அவை என்பவையே அவருக்கு இலக்கு. அவை கலைந்த பிறகு, சில நிமிடங்கள் விளையாட்டை நிறுத்திவிட்டு ஒரு மெல்லிய பாட்டை முழுமையாக வாசிப்பார். சிரித்துக் களைத்த உள்ளத்தில் அந்த இசை தடையின்றி இறங்கும்.

தாம் சிரியாமல் இருப்பதன் காரணம் என்ன? தான் சொன்ன வேடிக்கைக்குத் தானே சிரிப்பவன், விருந்து படைத்துவிட்டு விருந்தினருக்குரிய பங்கையும் தானே உண்பவனுக்கு ஒப்பாவான். சொல்பவன் சிரிக்காதபோது, வேடிக்கையைக் கண்டுபிடித்தவர் நாமே என்ற பெருமிதம் கேட்பவருக்கு உண்டாகிறது. போர்கேயின் சிரியாத முகம் அவையோருக்கு அவர் செய்த மரியாதை.

1953 அக்டோபர் 2-ஆம் நாள் நியூயார்க்கின் பிராட்வே வட்டாரத்தில் உள்ள கோல்டன் அரங்கில் 'இசையில் நகைச்சுவை' என்று பொருள்படும் பெயரோடு அவருடைய தனி நிகழ்ச்சி தொடங்கியது. மேடையில் ஒரு பியானோ, ஒரு மனிதர். 1956 ஜனவரி 21 வரை 849 முறை அது நடைபெற்றது. தனியொருவர் நடத்திய நிகழ்ச்சி இத்தனை முறை நிகழ்ந்தது உலக சாதனையாகப் பதிவு பெற்றது. 1964-இல் அதன் இரண்டாம் பகுதியை, லியோனிட் ஹாம்ப்ரோ என்னும் பியானோ வித்வானோடு சேர்ந்து, பிராட்வேயில் நடத்தினார். தொலைக்காட்சியிலும் தோன்றினார். பெரிய இசைக்குழுக்களுக்கு நடத்துநராக நின்றும் வேடிக்கையும் வித்தையும் கலந்து வழங்கினார்.

ஒரே வேடிக்கைகளை அவர் பல்லாண்டுகள் திரும்பத் திரும்பச் செய்தார் என்று குறை கூறுவோர் உண்டு. அக்கூற்றில் உண்மை இருக்கிறது. நிறுத்தக் குறிகளும் இடுப்புப் பட்டையும் ஏறக்குறைய ஒரே வடிவில் தலைமுறைகளைக் கடந்தன. ஆயினும் நன்கு அறிந்த கிருதியை மீண்டும் மீண்டும் கேட்க நாம் செல்வதில்லையா? எந்த இடத்தில் என்ன வரும் என்று அறிந்தும், அது வரும்போது அவை மகிழ்கிறது. வேடிக்கைக்கு ஆயுள் குறைவு என்பது பொதுவிதி. அதை மீறிய சிலருள் போர்கேயும் ஒருவர்.

இனி, இந்த வரலாற்றின் உயிர்ப்பகுதிக்கு வருவோம். 1943 அக்டோபரில் டென்மார்க்கில் இருந்த யூதர்களைச் சிறைப்பிடித்து நாடுகடத்த நாஜிகள் முனைந்தனர். செய்தி முன்னரே கசிந்தது. டென்மார்க் மக்கள் தம் அண்டை வீட்டாரை வீடுகளிலும் மருத்துவமனைகளிலும் தேவாலயங்களிலும் ஒளித்துவைத்து, இரவோடு இரவாக மீன்பிடி படகுகளில் ஏற்றி, குறுகிய கடலுக்கு அப்பால் இருந்த சுவீடனில் சேர்த்தனர். 7,000-க்கு மேற்பட்ட உயிர்கள் இவ்வாறு காக்கப்பட்டன. சற்றேறக்குறைய 470 பேர் மட்டுமே பகைவர் கையில் சிக்கித் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஐரோப்பா எங்கும் யூதர் மடிந்த அந்நாளில் இது பேரற்புதம்.

போர்கே அப்போது அமெரிக்காவில் இருந்தார். அவரை யாரும் படகில் ஏற்ற வேண்டியிருக்கவில்லை. ஆயினும் அந்த நன்றியைத் தம் கடனாகவே கருதினார். 1963-இல் 'ஸ்காண்டிநேவியாவுக்கு நன்றி' என்னும் பொருளுடைய அறநிதி ஒன்றை, ரிச்சர்ட் நெட்டர் என்னும் வழக்கறிஞருடன் சேர்ந்து தோற்றுவித்தார். யூதர்களைக் காத்த நாடுகளின் மாணவர்களுக்கு உயர்கல்வி உதவித்தொகை வழங்குவதே அதன் நோக்கம். வேடிக்கை பேசி ஈட்டிய புகழையும் பொருளையும் அந்த நிதிக்குப் பயன்படுத்தினார். செய்ந்நன்றி மறவாமையை ஓர் அதிகாரமாகவே வகுத்த மொழிக்குரிய நாம் இந்தச் செயலின் அருமையை உணர்வோம்.

டென்மார்க்கு, நார்வே, சுவீடன், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாடுகளும் அவருக்கு வீரத்திருத்தகைப் பட்டங்கள் வழங்கின. 1999-இல் அமெரிக்காவின் கென்னடி மையம் தன் உயரிய சிறப்பைச் செய்தது. தொண்ணூறாம் வயதிலும் அவர் மேடையேறுவதை நிறுத்தவில்லை. 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் கோபன்ஹேகனுக்குச் சென்று திரும்பிய பின், அம்மாதம் 23-ஆம் நாள், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துக் கிரீன்விச்சில், தம் இல்லத்தில் உறக்கத்திலேயே காலமானார். தொண்ணூற்றிரண்டு வயது நிறைய அப்போது சில நாள்களே குறைவு.

அவர் விருப்பப்படி அவருடைய அஸ்தி இரு பங்காக்கப்பட்டது. ஒரு பங்கு கிரீன்விச்சில் அடக்கம் செய்யப்பட்டது. கோபன்ஹேகன் துறைமுகத்தில் பாறைமேல் அமர்ந்திருக்கும் கடற்கன்னிச் சிலையைப் போன்ற ஒரு சிலையை அங்கே கல்லறையின்மேல் அமைத்திருக்கிறார்கள். மற்றொரு பங்கு கோபன்ஹேகனில் உள்ள யூதர் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. 2002-இல் அந்நகரின் சதுக்கம் ஒன்றுக்கு அவர் பெயர் இடப்பட்டது.

பிறந்த ஊரா, பிழைத்த ஊரா என்னும் வினா நம்மையும் அவ்வப்போது வருத்துவதுண்டு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும் என்று நம்மை நெருக்குவோரும் உண்டு. போர்கே இரண்டையும் கைவிடவில்லை. வந்த நாட்டின் மொழியை அந்நாட்டாரே வியக்கும்வண்ணம் கற்றார். விட்டு வந்த நாட்டின் கடனை இறுதிவரை அடைத்தார். நாளை காய்கறிக் கடையில் நம் சொல் தவறி, கடைக்காரர் புன்னகை செய்யும்போது, முகம் வாடாமல், முகம் மாறாமல், அடுத்த வாக்கியத்தையும் நாம் பேசிவிட்டு வரலாம். சிரிப்பு இறுதியில் எவர் பக்கம் சேரும் என்பது முதல் மாதத்தில் முடிவாவதன்று.